சிம்லாவில் அந்த ஒரு மணி நேரம்

1972 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. சிம்லாவில் பாகிஸ்தான் குழுவினர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து நாள் பேச்சு, ஒன்றும் தேறவில்லை. மாநாடு தோல்வி என்று பத்திரிகைக்காரர்கள் மத்தியில் பேச்சு பரவிவிட்டது. மறுநாள் காலை கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அன்று சாயங்காலம் பூட்டோ, மரியாதைக்கு விடைபெற்றுக்கொண்டு வருகிறேன் என்று இந்திரா காந்தியைப் பார்க்கப் போனார். அதிகாரிகளை வெளியே உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். சுமார் ஒரு மணி நேரம். நள்ளிரவு தாண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

உள்ளே என்ன பேசினார்கள்? ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. சொல்லப்போனால், இந்தியா பாகிஸ்தான் சண்டையில் பாதி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லப்பட்டது என்கிற சண்டைதான்.

நம்ம ஊர் கல்யாணப் பேச்சு பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்து பேசும்போது ஒரு சங்கிலிக்காக சம்பந்தம் முறியும் நிலைக்குப் போகும். யாரும் இறங்கி வர முடியாது, ஏனென்றால் பின்னால் சித்தப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "சம்பந்தி, கொஞ்சம் இப்படி வாங்க" என்று கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போவார். பத்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வருவார்கள். தட்டு மாத்தியாச்சு. கொல்லைப்பக்கம் என்ன பேசினார்கள் என்பது தலைதீபாவளி அன்றைக்குத்தான் தெரியவரும், அதுவும் சண்டையாக :-)

சரி, சிம்லாவுக்கு வருவோம். முதலில் யார் கையில் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம்.

1971 டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. ராணுவத்தினர், துணைப்படையினர், சிவிலியன்கள் என்று சுமார் 93,000 பேர் இந்தியாவின் பிடியில். மேற்கே பாகிஸ்தான் நிலம் சுமார் 5,000 சதுர மைல் இந்தியா கையில். பாகிஸ்தானோ பாதி நாட்டை இழந்திருந்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, யாஹ்யா கானிடமிருந்து பூட்டோ பதவியை வாங்கிக்கொண்டார். இந்தியாவோடு ஆயிரம் வருஷம் சண்டை போடுவோம் என்று 1965-ல் ஐ.நா.வில் முழங்கிய அதே பூட்டோ. சரணடைவதற்கு முதல் நாள் பாதுகாப்பு சபையில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளிநடப்பு செய்தவரும் அவர்தான். இப்போது அவர்தான் சமாதானம் பேச வர வேண்டும்.

1972 ஏப்ரல் கடைசியில் மர்ரியில் ஒரு முன்னோட்டப் பேச்சு நடந்தது. இந்தியா சார்பில் டி.பி. தர், பாகிஸ்தான் சார்பில் அஜீஸ் அகமது. அதன் பிறகு ஜூன் 28-ல் சிம்லா.

ஆரம்பத்திலேயே முட்டிக்கொண்டது. இந்தியா கேட்டது: எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாக முடிப்போம், காஷ்மீர் உட்பட. பாகிஸ்தான் கேட்டது: முதலில் நிலத்தைக் கொடு, கைதிகளை விடு, காஷ்மீரை அப்புறம் பார்க்கலாம். கைதிகள் விஷயத்தில் இந்தியா ஒரு சட்டப் பாயிண்ட் வைத்திருந்தது. சரணடைந்தது இந்திய, வங்கதேசக் கூட்டுப் படையிடம், எனவே வங்கதேசத்தைக் கேட்காமல் விட முடியாது. வங்கதேசம் என்றொரு நாடு இருப்பதையே பாகிஸ்தான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. எப்படிப் பேசுவது?

போதாததற்கு, பேச்சின் நடுவே டி.பி. தருக்கு உடம்பு முடியாமல் போனது. பி.என். ஹக்ஸர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஹக்ஸர் வேறு மாதிரி ஆள். முதல் உலகப்போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனியை மூக்கறுத்து அனுப்பினார்களே, அதன் பலன் ஹிட்லர், அந்தத் தப்பை நாம் செய்யக்கூடாது என்பது அவர் கட்சி. தோற்றவனை மண்டியிட வைத்து வாங்கும் கையெழுத்து நிற்காது என்று நினைத்தார். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர் அஞ்சிய பழிவாங்கும் எண்ணம் பாகிஸ்தான் ராணுவத்தில் எப்படியும் வளர்ந்தது என்பதும் உண்மை.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரு பெண். பூட்டோவின் மகள் பெனசிர், அப்போது 19 வயது, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவர். ரொம்பச் சிரிக்காதே, நம் வீரர்கள் சிறையில் இருக்கும்போது பூட்டோ மகள் இளிக்கிறாள் என்பார்கள். உம்மென்றும் இருக்காதே, பாகிஸ்தான் தோற்றுப்போய் நிற்கிறது என்பார்கள் என்று அப்பா சொல்லிக் கூட்டிவந்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாவம், 19 வயசுப் பெண் எப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வது? கடைசி ராத்திரி பாகிஸ்தான் குழு ஒரு ரகசிய பாஷை வைத்திருந்ததாம். ஒப்பந்தம் ஆனால் "பையன் பிறந்திருக்கிறான்", ஆகாவிட்டால் "பெண் பிறந்திருக்கிறாள்". பின்னாளில் அந்த நாட்டுக்கே பிரதமரான பெண்மணி இதை எழுதும்போது ஒரு குத்து விடாமல் இல்லை.

பையன்தான் பிறந்தான். ஆனால் ஜாதகம்?

காகிதத்தில் இருப்பது இது. இரண்டு நாடுகளும் தகராறுகளைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும், அல்லது இருவரும் ஒப்புக்கொண்ட வேறு அமைதி வழியில் தீர்க்கும். சர்வதேச எல்லையில் படைகள் பழைய இடத்துக்குப் போகும். காஷ்மீரில் மட்டும் போகாது. அங்கே 1971 டிசம்பர் 17 போர்நிறுத்தத்தின்போது யார் எங்கே நின்றார்களோ அந்தக் கோட்டை இருவரும் மதிக்க வேண்டும், ஒருதலையாக மாற்றக்கூடாது. கூடவே ஒரு வால்: இரு தரப்பும் ஏற்கெனவே கொண்டிருக்கும் நிலைப்பாட்டுக்குப் பாதகமில்லாமல்.

இந்த நான்காம் பத்தியில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பாதி இந்தியாவுக்கு, பின்பாதி பாகிஸ்தானுக்கு. 1949-லிருந்து "போர்நிறுத்தக் கோடு" என்று பெயர், ஐ.நா. பார்வையாளர்கள் காவல். இப்போது பெயரே மாறி "கட்டுப்பாட்டுக் கோடு" ஆகிவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இது ஐ.நா. போட்ட கோடு அல்ல, நாங்கள் இரண்டு பேரும் போட்டுக்கொண்ட கோடு என்று இந்தியா அன்றிலிருந்து சொல்லிவருவதற்கு ஆதாரம் இந்தப் பெயர்தான். கோடும் கொஞ்சம் நகர்ந்தது. வடக்கே துர்துக் இந்தியாவுக்கு வந்தது, தெற்கே சம்ப் பாகிஸ்தானுக்குப் போனது.

காகிதத்தில் இல்லாதது எது? அதற்கு 23 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1995-ல், இந்திராவின் செயலராக சிம்லாவில் இருந்த பி.என். தர் ஒரு ஆங்கில நாளிதழில் எழுதினார். (டி.பி. தர் வேறு, இவர் வேறு. இந்திராவைச் சுற்றிக் காஷ்மீரப் பண்டிதர்கள் அத்தனை பேர், பெயர் குழம்பத்தான் செய்யும்.) அந்தத் தனிப் பேச்சில் பூட்டோ, கட்டுப்பாட்டுக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக சர்வதேச எல்லையின் தன்மையைப் பெற விடலாம் என்று ஒப்புக்கொண்டார் என்பது அவர் சொன்னது. ஆனால் அதை எழுத வேண்டாம், எழுதினால் ஊரில் என்னை உயிரோடு விடமாட்டார்கள், ராணுவம் மறுபடி வந்துவிடும், எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், என்னை நம்புங்கள் என்றாராம்.

பாகிஸ்தான் பக்கம் இதை அடியோடு மறுத்தார்கள். சிம்லா குழுவில் இருந்தவரும் பின்னாளில் வெளியுறவு அமைச்சர் ஆனவருமான அப்துல் சத்தார் உடனே பதில் எழுதினார். அப்படி எந்த ரகசிய வாக்குறுதியும் கிடையாது, எழுதப்பட்டது மட்டுமே ஒப்பந்தம். பூட்டோவே ஊர் திரும்பியதும் காஷ்மீரில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றுதான் தேசிய சபையில் பேசினார். அங்கே வேறென்ன சொல்வார் என்பீர்கள். அதுவும் சரிதான்.

இதில் யாரை நம்புவது? அறைக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். 1979 ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா சுட்டுக்கொல்லப்பட்டார். தர் எழுதியபோது இருவரும் இல்லை. தர் பொய் சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பூட்டோ அப்படி ஏதோ சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். தோற்ற நாட்டின் தலைவர், வெறுங்கையோடு திரும்ப முடியாதவர், எதிரே இருப்பவர் கேட்க விரும்பியதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லியிருப்பார்? ஆனால் "சொன்னார்" என்பதும் "வாக்குக் கொடுத்தார்" என்பதும் ஒன்றில்லை. அவர் ஒரு ஆசையைச் சொன்ன மாதிரி சொல்லியிருக்கலாம், இவர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். குறிப்பெடுக்க யாரும் இல்லாத அறையில் இந்த வித்தியாசத்தைப் பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வசனம் வரும்: "93,000 கைதிகளைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வெறும் பேச்சை நம்பி ஏமாந்துவிட்டார் இந்திரா". டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை கேட்டிருப்பீர்கள். இது தப்பு. சிம்லாவில் அந்த 93,000 பேரின் விடுதலை முடிவாகவே இல்லை. திரும்பிப் போனது நிலம் மட்டும்தான். கைதிகள் விவகாரம் ஒரு வருஷம் கழித்து, 1973 ஆகஸ்ட் 28-ல், டெல்லி ஒப்பந்தத்தில்தான் முடிவானது. கடைசி ஆள் வாகா தாண்டியது 1974 ஏப்ரலில், அதாவது பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்த (1974 பிப்ரவரி) பிறகு. சண்டை ஓய்ந்தபின் போர்க் கைதிகளைக் காலவரையின்றி வைத்திருக்க ஜெனீவா ஒப்பந்தம் இடம் கொடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துருப்புச்சீட்டு வருஷம் போகப் போக வலு இழக்கும் சீட்டு.

அப்புறம் இன்னொன்று. எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்கிறார்களே, எழுதச் சொல்லியிருந்தால் பூட்டோ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அன்றைக்கு இந்திரா முன்னால் இருந்த இரண்டு வழிகள் "எழுதியது", "எழுதாதது" அல்ல. "எழுதாதது", "ஒன்றுமே இல்லாதது". இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

அப்படியென்றால் எழுதாத வாக்கு என்றைக்குமே நிற்காதா? நின்றிருக்கிறது. சிம்லாவுக்குப் பத்து வருஷம் முன்னால் வாஷிங்டனில், இதைவிட ஆபத்தான ஒரு நாளில்.

1962 அக்டோபர் 27, கியூபா ஏவுகணை நெருக்கடியின் உச்சம். அன்று இரவு அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்குத் தனியாக வரச்சொன்னார். கியூபாவிலிருந்து உங்கள் ஏவுகணைகளை எடுங்கள், துருக்கியில் இருக்கும் எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளை நான்கைந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம். ஆனால் இது வெளியே தெரியக்கூடாது. இதுதான் பேச்சு. மறுநாள் குருஷேவ் இறங்கி வந்தார். 29-ஆம் தேதி இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு குருஷேவ் எழுதிய கடிதத்தை டோப்ரினின் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளே ராபர்ட் கென்னடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காகிதமே கூடாது! பூட்டோ சொன்னதாக தர் எழுதிய அதே பயம்தான், வேறு ஊரில்.

1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் துருக்கியை விட்டுப் போய்விட்டன. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ராபர்ட் கென்னடி இறந்தபின் 1969-ல் அவர் புத்தகம் வந்தபோதுகூட இந்த பேரம் அதில் தெளிவாக இல்லை. பதிப்பித்த சோரன்சென் தான்தான் அதை மாற்றியதாக 1989-ல் மாஸ்கோவில் ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்.

அங்கே நின்றது, இங்கே ஏன் நிற்கவில்லை? கென்னடி சகோதரர்கள் பூட்டோவைவிட யோக்கியர்கள் என்பதாலா? அப்படி நினைக்க ஆதாரம் இல்லை. வாஷிங்டனில் பேசியது எண்ணிக்கை உள்ள சரக்கு. பதினைந்து ஏவுகணை, நான்கைந்து மாதம், உத்தரவு போடும் அதிகாரம் அண்ணன் கையில். செய்தாரா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். ஜான் கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டார், ஆனால் அதற்குள் வேலை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சிம்லாவில் (தர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொண்டால்) பேசியது "கொஞ்சம் கொஞ்சமாக". எத்தனை வருஷம், முதல் படி எது, யார் செய்வது, எதுவும் கிடையாது. அதை நிறைவேற்ற வேண்டுமென்றால் பூட்டோ பத்துப் பதினைந்து வருஷம் பதவியில் இருக்க வேண்டும், ராணுவம் சும்மா இருக்க வேண்டும், கேட்க இந்திராவும் இருக்க வேண்டும். நடந்தது என்ன? 1977 மார்ச்சில் இந்திரா தேர்தலில் தோற்றார். அதே வருஷம் ஜூலை 5 அன்று ஜியா உல் ஹக் பூட்டோவைத் தூக்கி எறிந்தார். அந்த அறையில் இருந்த இருவரும் ஒரே வருஷத்தில் நாற்காலியில் இல்லை. புதிதாக வந்த ஜியாவிடம் போய், உங்களுக்கு முன்னால் இருந்தவர் எங்களிடம் தனியாக ஒன்று சொன்னார் என்று கேட்க முடியுமா?

எழுதின பகுதிக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். 1972 டிசம்பர் 11-ல் சுசேத்கரில் இரு தரப்பு ஜெனரல்களும் கோட்டை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கே ஐந்து மாதம், தாகோ சக் என்றொரு சின்ன கிராமத்துக்காக இழுபறி, ராணுவத் தளபதிகள் மானெக்‌ஷாவும் டிக்கா கானும் லாகூரில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. கோடு என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே வெறும் பனி, யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1984-ல் அங்கே, சியாச்சினில், இரண்டு ராணுவமும் ஏறி நின்றன. ஒப்பந்தப்படி யார் குற்றவாளி என்பதற்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். எழுதாமல் விட்ட இன்னொரு இடம்!

ஆனால் எழுதியது உதவிய சமயமும் உண்டு. 1999-ல் கார்கில் மலைகளில் பாகிஸ்தான் ஊடுருவியபோது உலகம் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். நீ கோட்டைத் தாண்டியிருக்கிறாய், திரும்பிப் போ என்று சொல்ல முடிந்தது கோடு வரைபடத்தில் இருந்ததால். ஜூலை 4 அன்று நவாஸ் ஷெரீஃப் அவசரமாக வாஷிங்டன் போய் பிளேர் ஹவுஸில் கிளின்டனைச் சந்தித்தார். நாம் இரண்டு பேர் மட்டும் தனியாகப் பேசலாமே என்று ஷெரீஃப் திரும்பத் திரும்பக் கேட்டாராம். கிளின்டன் மசியவில்லை. குறிப்பெடுக்க ஒருவர் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்றுவிட்டார். அப்படி இருந்த அதிகாரி புரூஸ் ரீடல். அன்று நடந்தது அத்தனையும் இன்று நமக்குத் தெரிவது அவர் பின்னால் எழுதி வைத்ததால்தான்.

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24 அன்று, சிம்லா ஒப்பந்தம் உட்பட இந்தியாவோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் அறிவித்தது. இரண்டு பக்கத்து டிவிக்களிலும் மறுபடியும் 1972, மறுபடியும் அந்த அறை, மறுபடியும் சொன்னார், சொல்லவில்லை.

தாஷ்கண்ட் கதையையும் எழுத ஆசை. அங்கே அயூப் கானையும் சாஸ்திரியையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிக் கையெழுத்து வாங்கியவர் சோவியத் பிரதமர் கோசிகின், அது வேறு மாதிரி வித்தை. நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்.